எட்டைத் திறப்பது

ராயபுரத்தில் ஐஸ் மில்லுக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
கீழே கட்டி உடைக்கத் தொடங்கினால்
என் டம்ளர் தேநீரில் வட்டத்துக்குள் வட்டம்.

காசிமேட்டு விசைப்படகுக் கணக்கைத்
திரையில் அட்டவணையாக்கும் வேலை.
படகைத் தொட்டால் அது போய்வந்த தங்கல்கள்,
தங்கலைத் தொட்டால் மீன்:
வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி,
கவலை (அதுவும் மீன்தான், கிலோ கணக்கில் போகும்),
டீசல், ஐஸ், ஏலத் தரகு,
கடைசியில்
ஆட்கள் எட்டு.

மூடினால் ஒரு வரி, திறந்தால் ஒரு சந்து.
எனக்குப் பிடித்திருந்தது.
கூட்டல் குறி கழித்தலாகும்,
வரிக்கு அடியில் இன்னொரு அட்டவணை
தன் தலைப்புகளோடு இறங்கி உட்காரும்,
கீழிருந்ததெல்லாம் முனகாமல் நகர்ந்து இடம் விடும்.
மின்ட் பஸ்ஸில் யாரும் அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பழக்கத்தில் அந்த எட்டையும் அழுத்தினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
எண்தானே, எண்ணுக்குள் என்ன இருக்கும்.

கணக்கர் பெஞ்சமினிடம் போனேன்.
"அது இன்னாத்துக்கு உனக்கு? ஓனரு கேக்கலியே."
"கட்டம் காலியா நிக்குது சார்" என்றேன், பொய்தான்.
நீள நோட்டைக் கவிழ்த்து
கடைசிப் பக்கத்திலிருந்து பிரித்தார்.
லூர்துநாதன் டிரைவர். நூக்கராஜு. நூக்கராஜு தம்பி.
குள்ள தேசப்பன், நெட்டை தேசப்பன்.
மூன்று பேர் வெறும் ஊர்ப் பெயரில்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே முன்பணம்.

பெயர் இல்லாமல் சேமிக்கவிடாது என் அட்டவணை.
விடியற்காலை வார்ப்புக்குப் போனேன், ஏலச் சத்தத்துக்கு நடுவில்.
"இவன் பேரா?" நெட்டை தேசப்பன் யோசித்தான்.
"கூப்ட்டா வருவான்."
வந்தவன் சிரித்தான், தெலுங்கில் ஏதோ சொன்னான்,
என் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டேன்.

எட்டுக்கும் ஒரு கூட்டல் குறி போட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பிழை.
தொகைப்படி அடுக்கு என்றதும்
படகுகள் மட்டும் மேலும் கீழும் ஓடின,
ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள்.
நூக்கராஜு வேறொரு படகின் கீழே.
பக்கத்து நாற்காலி ரிஹானா தலையில் அடித்துக்கொண்டாள்:
"தாயை நகர்த்துனா பிள்ளையையும் தூக்கிட்டுப் போகணும்டி."
பெஞ்சமின் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"கரீட்டாத்தான் காட்டுது. தடைக்காலத்துக்கு முன்னாடியே
அவன் அந்த போட்டுக்குப் போய்ட்டான்.
பழைய பாக்கிய புது ஓனரு கட்டினாரு."

இரவு பத்துக்குப் பிழையைத் திருத்தினேன்.
பிழை சொன்ன உண்மையை எங்கே வைப்பது?
நூக்கராஜுவுக்கு அடியில் இன்னொரு அடுக்கு:
முன்பணம்.
அதற்கடியில்
அந்த முன்பணத்தை அடைக்க வாங்கிய முன்பணம்.
அதற்கும் அடியில் ஒரு காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரி,
தேதியில்லாத ஐயாயிரம்.

பெரிய திரையில் அழகாகத்தான் இருந்தது.
பெஞ்சமின் போனில் திறந்தோம்.
ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித்தள்ளி
நாலாவதில் ஓர் எழுத்துக்குத்தான் இடம்.
மு
ன்
ப
ண
ம்
என்று இறங்கிக்கொண்டே போனது,
அடிமண் எட்டாத நங்கூரக் கயிறு.
அவர் கட்டைவிரலால் இழுத்தபடியே கேட்டார்,
"இதுக்கு முடிவே இல்லியா?"
"இருக்கு சார். நீங்க எழுதுன வரைக்கும்."

ஓனர் வந்த அன்று எல்லாம் மூடியே இருந்தது.
பக்கம் வரும்போது மூடித்தான் வரும், நானே வைத்த வழக்கம்.
பதினோரு படகு, பதினோரு வரி.
"நீட்டா இருக்கு" என்றார்.
செக்கில் கையெழுத்துப் போடுகையில்
கீழே கட்டி உடைக்கத் தொடங்கியிருந்தார்கள்,
பேனா கொஞ்சம் நடுங்கியது.

அந்த எட்டின்மேல் கொண்டுபோனால்
அம்பு, கையாக மாறும்.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.